கடுங்குளிரில் கார் ஸ்டார்ட் ஆகாதபோது எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்ற கோடையில் கனடாவுக்கு வந்து, டொராண்டோவை அடுத்த பிராம்ப்டனில் குடியிருக்கிறீர்கள். பத்து ஆண்டு ஓடிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள்; சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யும் ஆட்டோமேட்டிக் வகை, இரவில் திறந்தவெளியில் நிற்கிறது. மைனஸ் 22 டிகிரி செல்சியஸ் இருந்த காலையில் சாவியைத் திருப்பியபோது 'டிக் டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தது, டாஷ்போர்டு விளக்குகள் மினுக்கின. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரின் பேட்டரியிலிருந்து கேபிள் வழியாக மின்சாரம், அதாவது பூஸ்ட், கொடுத்ததும் உடனே ஓடியது. எட்டு நிமிடத் தொலைவில் உள்ள ரயில் நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனீர்கள். மாலையில் திணறித் திணறி ஸ்டார்ட் ஆனது. மறுநாள் காலையில் மீண்டும் அதே 'டிக் டிக்'. எஞ்சின் ஆயில் உறைந்துவிட்டதா, பெட்ரோல் உறைந்துவிட்டதா, எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டதா, எஞ்சினைச் சூடேற்றும் பிளாக் ஹீட்டர் போட வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள்.

உங்கள் காரில் குறை பேட்டரியில்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆனால் இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்த முறை இதே கார் வேறு காரணத்தால் நிற்கக்கூடும். குளிரில் நின்றுபோன காரைப் பார்த்ததும் பலரும் செய்வது சாவியை மீண்டும் மீண்டும் திருப்புவதுதான். அப்படிச் செய்வதால் பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரமும் தீர்ந்துபோகிறது, பழுது எங்கே என்று காட்டும் அடையாளங்களும் மறைந்துவிடுகின்றன. இரண்டு முறைக்கு மேல் திருப்பாமல், ரேடியோவையும் ஹீட்டர் விசிறியையும் அணைத்துவிட்டு, கார் என்ன சத்தம் எழுப்புகிறது என்று காதுகொடுத்துக் கேளுங்கள்.

வேகமான 'டிக் டிக் டிக்' எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் சொலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதை இழுக்கச் சிறிதளவு மின்சாரமே போதும். அது இழுபட்டு, மோட்டாருக்குப் போகும் பெரிய மின்பாதையை இணைத்ததும், மோட்டார் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர் மின்சாரத்தை ஒரே நேரத்தில் கேட்கிறது. பலவீனமான பேட்டரியின் வோல்டேஜ் அந்தக் கணமே சரிகிறது. சொலினாய்டின் பிடி விட்டுப்போகிறது. பிடி விட்டதும் சுமை நீங்கி வோல்டேஜ் ஏறுகிறது. சொலினாய்டு மீண்டும் இழுபடுகிறது. இது ஒரு நொடிக்குள் பலமுறை நடப்பதுதான் உங்கள் காதில் விழுந்த சத்தம், விளக்குகள் அதே தாளத்தில் மினுக்கியதும் இதனால்தான். அதாவது மோட்டாரைச் சுழற்றும் அளவுக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. ஒன்று பேட்டரி வலுவிழந்திருக்க வேண்டும், அல்லது பேட்டரி முனைகளில் இணைப்பு சரியில்லாமல் இருக்க வேண்டும்.

வேறு சத்தங்களுக்கு வேறு பொருள் உண்டு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பும்போது, வெளிச்சம் சிறிதும் குறையாமல் ஒரே ஒரு கனத்த 'டக்' மட்டும் கேட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரையோ சொலினாய்டையோ சந்தேகிக்க வேண்டும். வெளிச்சமும் குறையவில்லை, சத்தமும் இல்லை என்றால், கியர் பார்க் நிலையில் இருப்பதை உணரும் சுவிட்ச் சரியாகத் தொடாமல் இருக்கலாம். கியரை நியூட்ரலுக்கு மாற்றி ஒருமுறை முயன்று பாருங்கள். டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவ விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் ரிமோட்டுக்குள் இருக்கும் நாணய அளவுப் பேட்டரி குளிரில் சோர்ந்துபோவது வழக்கமாக நடப்பதுதான். அப்போது ரிமோட்டையே ஸ்டார்ட் பொத்தானை ஒட்டி வைத்து அழுத்தினால் பெரும்பாலான கார்கள் ஏற்றுக்கொள்ளும். எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுழல்கிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டுப் பெட்ரோல் பக்கமும் ஸ்பார்க் பிளக் பக்கமும் திரும்ப வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது பேட்டரி. காரில் இருப்பது ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும் கொண்ட பேட்டரி. குளிரக் குளிர அதற்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிறது, உள்மின்தடை கூடுகிறது. நல்ல நிலையில் உள்ள பேட்டரிகூட 0 டிகிரியில் தன் திறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கையும், மைனஸ் 18 டிகிரியில் பாதிக்கு மேலும் இழந்துவிடுகிறது. அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டிருப்பதால், எஞ்சினைச் சுழற்றக் கோடையில் தேவைப்பட்டதைவிட இரு மடங்கு வரை மின்சாரம் தேவைப்படுகிறது. புதிய பேட்டரி இந்த இரண்டு பக்க நெருக்கடியையும் தாங்கும். ஏற்கெனவே பாதித் திறனுக்கு இறங்கிவிட்ட பழைய பேட்டரி, செப்டம்பர் வரை எந்தக் குறையும் காட்டாமல் ஓடிவிட்டு, முதல் கடுங்குளிர் இரவிலேயே நின்றுவிடும். பேட்டரியின் தகடுகளை அரிப்பது பெரும்பாலும் கோடை வெப்பம்தான், குளிர் அந்தச் சேதத்தை வெளியே கொண்டுவருகிறது. ஆகவே "நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது" என்பதைப் பேட்டரி நலமாக இருப்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேட்டரியின் மேல்மூடியிலோ பக்கவாட்டிலோ அது தயாரான அல்லது விற்பனையான மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கும். நான்கைந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால், இந்த ஊர்க் குளிரில் அதை நம்பி இருக்க முடியாது. வோல்டேஜை அளக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. கார் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு முனைகளுக்கு இடையே 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12 அல்லது அதற்குக் கீழே என்றால் மின்சாரம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது அதே இடத்தில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரவில்லை, புதுப் பேட்டரி போட்டாலும் அதுவும் சில நாளில் இறங்கிவிடும். வோல்டேஜ் மட்டும் முழு உண்மையையும் சொல்லிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். 12.6 காட்டும் பேட்டரிகூடச் சுமை ஏற்றியதும் சரிந்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்கப் பட்டறையில் சுமைச் சோதனை செய்யச் சொல்ல வேண்டும்.

மீட்டரை வைக்கும் முன்பே முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ மாவு போன்ற படிவு இருந்தால், அல்லது கவ்வியைக் கையால் அசைக்கும்போது அது திரும்பினால், பேட்டரி நன்றாக இருந்தாலும் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேராது. 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் முதலில் நெகட்டிவ் கவ்வியையும் பிறகு பாசிட்டிவ் கவ்வியையும் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் கரைத்த சமையல் சோடாவால் கழுவித் துடைத்து, கம்பித் தூரிகையால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இம்முறை பாசிட்டிவை முதலில் மாட்டி இறுக்குங்கள். கண்ணாடியும் கையுறையும் அணியாமல் இதைச் செய்ய வேண்டாம். புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த எட்டு நிமிடப் பயணமும், கார் நிற்கும்போதும் பதிவுசெய்யும்படி நீங்கள் பொருத்தியிருப்பதாகப் போகிற போக்கில் சொன்ன டாஷ்கேமும்தான். பூஸ்ட் கொடுத்து ஓடவைத்துவிட்டால் பேட்டரி தானாக நிறைந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். எட்டு நிமிடத்தில் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் பெரும்பகுதியை ஹீட்டர் விசிறி, பின்கண்ணாடிச் சூடேற்றி, ஹெட்லைட், இருக்கைச் சூடேற்றி ஆகியவையே எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சியதைக்கூடப் பனியில் விறைத்த பேட்டரி மிக மெதுவாகத்தான் உள்வாங்கும். டாஷ்கேம் கால் ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், கார் நிற்கும் 16 மணி நேரத்தில் 4 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய கார்களின் பேட்டரி மொத்தமே 45 அல்லது 50 ஆம்பியர்-மணி கொள்ளக்கூடியது என்பதால், முழுதாக நிறையாத பேட்டரிக்கு இரண்டு மூன்று நாளில் இது பெரும் இழப்பாகிவிடும். இன்றிரவே டாஷ்கேமின் வயரைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, தானியங்கி சார்ஜரில் இரவு முழுவதும் போடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது தொல்லைதான். ஆனாலும் நிறுத்திய காரை அரை மணி நேரம் உறுமவிடுவதைவிட இது பல மடங்கு பயன் தரும். காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, அருகில் நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு முழுக்கச் சார்ஜ் செய்தும் மறுநாள் குளிரில் இழுக்கவில்லை என்றால், அந்தப் பேட்டரியின் காலம் முடிந்துவிட்டது.

புதுப் பேட்டரி வாங்கும்போது அதன் மேல் சி.சி.ஏ. என்ற எழுத்துகளோடு இருக்கும் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில், வோல்டேஜ் 7.2-க்குக் கீழே இறங்காமல், 30 நொடிகள் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதைச் சொல்லும் எண் அது. கார்க் கையேடு கேட்கும் அளவுக்குக் குறையாமல் வாங்குங்கள். அதே அளவுப் பெட்டியில் சற்றுக் கூடுதலான எண் கிடைத்தால், கூடுதல் பணம் வீண் அல்ல.

நாளைக் காலை மீண்டும் பூஸ்ட் எடுக்க நேர்ந்தால், ஒன்றை மட்டும் முதலில் உறுதிசெய்யுங்கள்: பேட்டரி உறைந்திருக்கிறதா? நிறைந்த பேட்டரியின் அமிலம் மைனஸ் 50-க்குக் கீழேதான் உறையும். மின்சாரம் தீர்ந்துபோன பேட்டரிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், அது மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே உறைந்துவிடலாம். பெட்டியின் பக்கங்கள் புடைத்திருந்தாலோ, விரிசல் தெரிந்தாலோ, கேபிளை அருகில் கொண்டுபோகாதீர்கள். உறைந்த பேட்டரியில் மின்சாரம் பாய்ச்சினால் அது வெடிக்கக்கூடும். அப்படி எதுவும் இல்லையென்றால், சிவப்புக் கேபிளின் ஒரு முனையை நின்றுபோன காரின் பாசிட்டிவிலும், மறுமுனையை உதவும் காரின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்புக் கேபிளை உதவும் காரின் நெகட்டிவில் மாட்டிவிட்டு, கடைசி முனையை நின்றுபோன காரின் பேட்டரியில் மாட்டாமல், எஞ்சினில் வண்ணம் பூசாத கனமான உலோகப் பகுதியில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருக்கக்கூடும் என்பதால், பொறி பேட்டரிக்கு எட்டத்தில் பறப்பதே பாதுகாப்பு. உதவும் காரை ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருமுறைக்குப் பத்து நொடிக்கு மேல் சாவியைப் பிடித்திருக்காமல், நடுவே ஓரிரு நிமிட இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும்.

பூஸ்ட் கேபிள் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மலிவான கேபிள்கள் பெரும்பாலும் 10 கேஜ். பார்க்கத் தடிமனாகத் தெரிவது பிளாஸ்டிக் உறைதான், உள்ளே செம்பு மெல்லியது. கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிக்கும். 4 கேஜ் வாங்குங்கள். கையடக்க லித்தியம் பூஸ்டர் வைத்திருப்பவர்கள் அதைக் காரிலேயே இரவு முழுக்க விட்டுவிடுகிறார்கள். அதுவும் குளிரில் சோர்ந்துபோகும் பேட்டரிதான், வீட்டுக்குள் வைத்திருந்து காலையில் எடுத்துவாருங்கள். ஹைபிரிட் கார்களில் கணினிகளை விழிக்கவைக்கும் சிறிய 12 வோல்ட் பேட்டரி தனியாக இருக்கிறது. அது இறங்கினாலும் கார் அசையாது, பூஸ்ட் கொடுக்கும் இடம் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும்.

ஆயில் பற்றிய கேள்விக்கு வருகிறேன். நம் ஊரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் இறுகிக்கொள்வதைப் போல எஞ்சின் ஆயில் இறுகுவதில்லை; உறையாமல், ஆனால் ஓட மறுக்கும் அளவுக்குக் கெட்டிப்படுகிறது. 5டபிள்யூ-30 போன்ற குறியீட்டில் டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிர்காலத் தன்மையைக் குறிக்கிறது. 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூ மைனஸ் 30-லும், 10டபிள்யூ மைனஸ் 25-லும், 15டபிள்யூ மைனஸ் 20-லும் எஞ்சினைச் சுழலவிடும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும் என்பது தர விதி. இந்தியாவில் பழகிய 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 ஆயிலை இங்கே ஊற்றுவது பேட்டரிக்கு நாமே பாரம் ஏற்றுவதாகும். முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினார் என்று தெரியாதபட்சத்தில், கையேடு சொல்லும் 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ வகைச் செயற்கை ஆயிலுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஆயில் மட்டும் குறை என்றால் 'டிக் டிக்' வந்திருக்காது, 'உர்ர்... உர்ர்...' என்று இழுத்து இழுத்துச் சுழலும் சத்தம் வந்திருக்கும்.

பெட்ரோல் இந்த ஊர்க் குளிரில் உறையாது. தொட்டியில் சேர்ந்த தண்ணீர் உறைந்து குழாயை அடைக்கலாம். தொட்டி பாதிக்குக் கீழே காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் சுவரில் படிந்து தண்ணீராகும் என்பதால், குளிர்காலத்தில் எப்போதும் பாதிக்கு மேல் நிரப்பி வைத்திருப்பது நல்ல பழக்கம். எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் ஆன் நிலையில் வைத்துக் கேளுங்கள். பின்னிருக்கைப் பக்கம் ஓரிரு நொடி மெல்லிய ரீங்காரம் கேட்டால் பெட்ரோல் பம்ப் வேலை செய்கிறது. கேட்காவிட்டால் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள்.

பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறினால் எஞ்சின் ஃபிளட் ஆகியிருக்கிறது, அதாவது உள்ளே பெட்ரோல் மிகுந்துவிட்டது. குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாததால், கணினி வழக்கத்தைவிட அதிகமாகத் தெளிக்கிறது. பனியை அள்ளுவதற்காகக் காரை ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்தி உடனே அணைத்துவிட்டால், ஆவியாகாத பெட்ரோல் ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடும், அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது. ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி சாவியைத் திருப்பினால், பெரும்பாலான ஊசித்தெளிப்பு (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) எஞ்சின்களில் கணினி பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும். பிளக் உலர்ந்து எஞ்சின் பற்றிக்கொண்டதும் காலை எடுத்துவிடுங்கள். நகர்த்தியே ஆக வேண்டிய நாளில், எஞ்சின் ஓரளவு சூடாகும்வரை அணைக்காதீர்கள்.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் ஊரிலேயே விட்டுவிட வேண்டும். உறைவதைத் தடுக்கும் கூலண்ட் திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 வரை உறையாது. தண்ணீர் மட்டும் இருந்தால் எஞ்சின் பிளாக்கே பிளந்துவிடும். அந்தச் செலவோடு ஒப்பிட்டால் பேட்டரிச் செலவு ஒன்றுமே இல்லை.

வானிலை அறிக்கையில் "மைனஸ் 35 போல் உணரப்படும்" என்று வருவதைப் பார்த்துக் காரைப் பற்றி அஞ்ச வேண்டாம். காற்று வீசுவதால் உடலின் சூடு விரைவாகப் போவதைச் சொல்லும் கணக்கு அது. காற்றில் கார் சீக்கிரம் குளிரும். ஆனால் வெளியே மைனஸ் 22 என்றால், எவ்வளவு வீசினாலும் பேட்டரி மைனஸ் 22-க்குக் கீழே போகாது.

ஓடத் தொடங்கிய பிறகு நின்ற இடத்திலேயே இருபது நிமிடம் உறுமவிடத் தேவையில்லை. ஓரிரு நிமிடத்தில் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும்; கண்ணாடியில் பனி நீங்கிப் பாதை தெளிவாகத் தெரிந்ததும், முதல் சில கிலோமீட்டர் வேகம் கூட்டாமல் ஓட்டினால் எஞ்சின் விரைவாகவே சூடாகும். இரவில் பனி கொட்டியிருந்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே புகைக்குழாயின் வாயை மண்வாரியால் தோண்டி விடுவியுங்கள். அது அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் புகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவைத் திறந்துவைத்திருந்தாலும் கராஜுக்குள் காரைச் சூடேற்றாதீர்கள். குழந்தைகளை முன்கூட்டியே காரில் உட்காரவைத்துவிட்டுப் பனி அள்ளப் போகும் பெற்றோர் இதை உயிர்ப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிளாக் ஹீட்டர் கேட்டீர்கள். எஞ்சினுக்குள் இருக்கும் கூலண்டை மின்சாரத்தால் சூடேற்றும் சாதனம் அது. வினிபெக், சஸ்கடூன் போன்ற ஊர்களில் அது இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். பல வாகன நிறுத்தங்களிலேயே அதற்கான மின்செருகிகள் இருக்கும். பிராம்ப்டனில் மைனஸ் 15-க்குக் கீழே போகும் இரவுகளில் அது எஞ்சினுக்கு நல்லது, ஆனால் பேட்டரியை அது சூடாக்காது என்பதால் உங்கள் இப்போதைய குறையை அது தீர்க்காது. முதலில் பேட்டரியைச் சரிசெய்யுங்கள். பிறகு உங்கள் காரின் முன்பக்கக் கிரில்லுக்குள் கையை விட்டுப் பாருங்கள். மூன்று முள் பிளக் ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தால், முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே பொருத்தியிருக்கிறார். அதன் இரண்டு தட்டை முட்களுக்கு இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தால், 400 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 36 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே வயரோ சூடேற்றும் கம்பியோ அறுந்திருக்கிறது. வேலை செய்தால், வெளிப்புறப் பயன்பாட்டுக்கான தடித்த நீட்டிப்பு வயரில் டைமரோடு இணைத்து, புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு இயங்கும்படி வையுங்கள். இரவு முழுக்க எரியவிடுவதால் மின்கட்டணம்தான் ஏறும்.